ஊசிப் பூங்கா: சூரிச் நகரம் பணம் கொடுத்துக் கற்ற பாடம்



சுவிஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் நின்றுவிட்டுப் போன கிழமைதான் ஊருக்கு வந்து சேர்ந்தேன். "ரீச்சர், மலை பார்த்தீங்களோ, படம் போடுங்கோ" என்று எத்தனையோ பேர் கேட்டிருந்தீர்கள். மலையும் பார்த்தேன், படங்களும் வரும். அதற்கு முதல் அங்குள்ள ஒரு பூங்காவின் கதையை எழுத வேண்டும். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பது நிமிடம் வாங்கில் இருந்த பிள்ளைகள்தானே நீங்கள், பொறுமையாக வாசியுங்கள். ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சூரிச் பிரதான புகையிரத நிலையத்துக்குப் பின்னால் கோட்டை மாதிரி ஒரு கட்டடம் இருக்கிறது. அது தேசிய அருங்காட்சியகம். அதற்குப் பின்னால் லிமாத், சீல் என்ற இரண்டு ஆறுகள் சேரும் முனையில் இருக்கிற பூங்காவுக்கு பிளாட்ஸ்பிட்ஸ் என்று பெயர். பெரிய மரங்கள், நடுவில் ஒரு வட்ட மண்டபம், சுற்றிவர வாங்குகள். பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பின்னேரங்களில் நான் போய் இருந்தது அங்கேதான். ஒரு நாள் மருமகனின் தமையன் எங்களைத் தேடி அங்கே வந்தார். அவர் 1989 இல் சுவிஸுக்குப் போனவர். தொடக்கத்தில் நிலையத்துக்குக் கிட்ட ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினவர். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாமி, நீங்கள் இருக்கிற இந்த இடத்திலை அந்த நாளிலை மண்ணே தெரியாது. ஊசிதான் கிடக்கும். இரவு வேலை முடிஞ்சு வரேக்கை நான் இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கிறேல்லை."

நான் நம்பவில்லை. மகள் ஜெர்மன் மொழியில் வாசித்து எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டேன். அதைத்தான் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

1980களில் சுவிஸில் ஹெரோயின் பெருகியது. அதோடு எயிட்ஸும் வந்தது. ஒரே ஊசியைப் பலர் மாறி மாறிப் பாவித்தால் ஒருவரின் இரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி. கிருமி அடுத்தவருக்குப் போகும் என்று இன்றைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். புதிய ஊசி கொடுத்தால் அந்தத் தொற்றைத் தடுக்கலாம். ஆனால் 1985 இல் சூரிச் மாநிலத்தின் தலைமை வைத்திய அதிகாரி இதற்கு நேர்மாறாக ஓர் உத்தரவு போட்டார். போதைக்கு அடிமையானவர்களுக்கு ஊசி கொடுக்கக் கூடாது, கொடுத்தால் டொக்டரின் தொழில் அனுமதியே போகலாம் என்றது அந்த உத்தரவு. ஊசி கொடுத்தால் பழக்கத்துக்குத் துணை போவது போலாகும் என்பதே அவர்கள் பக்க நியாயம். நம்மில் பலரும் இப்படித்தானே நினைப்போம்?

அந்த மாநிலத்தின் டொக்டர்மார் ஏறத்தாழ முந்நூறு பேர், தாங்கள் தொடர்ந்து ஊசி கொடுப்போம் என்று கையெழுத்து வைத்து வெளிப்படையாக அறிவித்தார்கள். அவர்களில் ஒருவரான அந்திரே சைடன்பேர்க் பின்னாளில் இந்தப் போராட்டத்தின் முக்கிய ஆளாக அறியப்பட்டார். அடுத்த ஆண்டு தடை நீங்கியது. அதே 1986 இல் தலைநகர் பேர்ணில், போதைப்பொருள் பாவிப்பவர்கள் வந்து இருக்கவும் பணியாளர் முன்னிலையில் சுத்தமான ஊசியைப் பாவிக்கவும் ஓர் இடம் திறக்கப்பட்டது. உலகத்தில் இந்த வகை நிலையங்களில் அதுதான் முதலாவது என்று சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட வேலைகளுக்குத் தமிழில் 'தீங்கு குறைத்தல்' என்று பெயர். பழக்கத்தை உடனே விட முடியாதவன் அதற்கிடையில் செத்துப்போகாமலும், நோய் வாங்காமலும், நோயை இன்னொருவருக்குக் கொடுக்காமலும் பார்ப்பதே அது. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், கிணற்றுக்குள் ஒரு பிள்ளை விழுந்துவிட்டது. முதலில் கயிறு போடுவோம். ஏன் எட்டிப் பார்த்தாய் என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

இனிப் பூங்காவுக்கு வருவோம். நகரத்தின் மற்ற இடங்களிலிருந்து பொலிஸ் கலைக்கக் கலைக்க, 1987 அளவில் எல்லோரும் பிளாட்ஸ்பிட்ஸில் வந்து சேர்ந்தார்கள். அங்கே மட்டும் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டார்கள். உச்சக் காலத்தில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து போனார்கள். உலகப் பத்திரிகைகள் 'ஊசிப் பூங்கா' என்று பெயர் வைத்தன. 1988 இல் அங்கேயே பொதுப் பணத்தின் உதவியோடு ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. பழைய ஊசியைக் கொடுத்தால் புதிய ஊசி கிடைக்கும். செங்கண்மாரிக்குக் காரணமான ஹெபடைடிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். மூச்சு நின்று விழுந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே மூச்சுக் கொடுத்து எழுப்பினார்கள். சில நாட்களில் பத்தாயிரத்துக்கும் மேல் ஊசிகள் போயிருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அங்கே மீட்கப்பட்ட உயிர்கள் ஆயிரக்கணக்கில்.

நல்ல வேலைதான், ஆனால் பூங்கா மோசமாகிக்கொண்டே போனது. ஊசி இருந்தது. அவர்கள் படுக்க வீடில்லை, போதிய சிகிச்சை இடமில்லை, வேலையில்லை. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் இளம் பிள்ளைகள் ரயில் ஏறி வந்தார்கள். பக்கத்து நாடுகளிலிருந்தும் வந்தார்கள். விற்பவர்களும் வந்தார்கள், சண்டையும் வந்தது. சொந்த ஊர்களும் தலையிடி போனதென்று சும்மா இருந்துவிட்டன. இந்தப் பாவம் முழுவதும் ஒரு நகரத்தின் தலையில், அதுவும் ஒரு பூங்காவில் வந்து விழுந்தது.

கடைசியில் பொறுமை போய்விட்டது. 1992 பெப்ரவரி 5 ஆம் திகதி பூங்காவை மூடினார்கள்.

மூடினால் சரிதானே என்று கேட்பீர்கள். அங்கே இருந்தவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துத் தெருக்களுக்குப் போனார்கள். குடும்பங்கள் வாழ்ந்த வீட்டு வாசல்களில், படிக்கட்டுகளில், பாடசாலை முற்றங்களில் ஊசி கிடந்தது. பிள்ளைகள் வர முதல் பெரியவர்கள் முற்றம் பார்க்க வேண்டி வந்தது. அங்கிருந்தும் கலைக்கப்பட்டு, கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்தில் கூடினார்கள். பூங்காவில் நடந்ததெல்லாம் சில நூறு மீற்றர் தள்ளித் திரும்பவும் நடந்தது. 1995 பெப்ரவரி 14 ஆம் திகதி அதையும் மூடினார்கள். அதற்குப் பிறகு அப்படியொரு பெரிய கூட்டம் சூரிச்சில் சேரவில்லை.

1992 இல் பலிக்காதது 1995 இல் எப்படிப் பலித்தது? நான் மகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்ன பகுதி இதுதான். 1995 இல் பொலிஸ் வரும்போது அவர்கள் போவதற்கு இடங்கள் இருந்தன. நகரத்தில் பல இடங்களில் சிறிய தொடர்பு நிலையங்கள் திறந்திருந்தன. இரவு தங்க இடம் இருந்தது. மெதடோன் என்ற மாற்று மருந்து முன்னையைவிடப் பல மடங்கு பேருக்குக் கிடைத்தது. வெளியூர்ப் பிள்ளைகளை அவரவர் ஊருக்கு அனுப்பினார்கள், அந்தந்த ஊரே சிகிச்சைக்குப் பொறுப்பெடுக்க வேண்டியும் வந்தது. தடுப்பு, சிகிச்சை, தீங்கு குறைத்தல், சட்டம் என்ற நான்கையும் 'நான்கு தூண்கள்' என்று பெயரிட்டு நாட்டின் கொள்கையாகவே வைத்தார்கள். பொலிஸும் தாதியும் எதிர்க் கட்சிகளாக நிற்காமல் ஒரே மேசையில் இருந்தார்கள் என்பதே இதன் சாரம்.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பெயர் எமிலி லீபர்ஹேர். அவரும் எங்கள் தொழில்தான், தொழிற்கல்விப் பாடசாலையில் படிப்பித்தவர். சுவிஸில் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்தது 1971 இல் என்றால் நம்புவீர்களா? எங்கள் நாட்டில் 1931 இலேயே கிடைத்துவிட்டது! அந்த உரிமைக்காக 1969 இல் பேர்ண் நகருக்குப் பேரணி கொண்டுபோனவர் இவர். 1970 இல் சூரிச் நகர ஆட்சிக் குழுவில் சேர்ந்த முதல் பெண் ஆனார். 1994 வரை சமூக நலத் துறை அவர் கையில்தான் இருந்தது. பூங்காவின் அந்த மோசமான காலம் முழுவதும் திட்டும் கடிதமும் வாங்கிக்கொண்டு இருந்தவர் அவர். மிக மோசமான நிலையில் உள்ளவர்களுக்கு ஹெரோயினையே வைத்தியர் மேற்பார்வையில் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் வாதாடினார்.

1994 இல் அது பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. இப்போதும் உள்ள விதி இதுதான்: பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு ஆண்டுகள் கடுமையாக அடிமைப்பட்டிருக்க வேண்டும், வேறு சிகிச்சைகள் இரண்டு தடவையாவது தோற்றிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் நிலையத்துக்கு நேரில் வந்து, தாதியின் கண்முன் சுத்தமான மருந்தை எடுத்துக்கொள்வார். தெருவில் விற்பவனிடம் போக வேண்டியதில்லை, அதற்காகக் களவெடுக்க வேண்டியதில்லை. மருத்துவரும் சமூகப் பணியாளரும் அவரைத் தொடர்ந்து காண்கிறார்கள். வீடு, வேலை, பல் வைத்தியம், கடன் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து எழுப்புகிறார்கள்.

"எங்கள் வரிப்பணத்தில் ஹெரோயினா?" என்று மக்கள் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். உழைத்துக் கட்டுகிற காசு. அரசாங்கம் அதற்குத் தத்துவம் சொல்லாமல் கணக்குக் காட்டியது. பேராசிரியர் அம்புரோஸ் உக்டன்ஹாகன் தலைமையில் நடந்த மதிப்பீட்டின்படி, ஒருவருக்கு ஒரு நாள் செலவு 51 பிராங்க். களவு, வழக்கு, சிறை, வைத்தியசாலை என்று சமூகத்துக்கு மிச்சமானது ஒரு நாளைக்கு 96 பிராங்க். கழித்துப் பாருங்கள், 45 பிராங்க் லாபம். ஆண்டுக்கு ஒருவருக்கு 16,425 பிராங்க். கொடுக்காமல் விட்டால் செலவு இல்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கொடுக்காமல் விட்டபோதும் அவர்கள் அந்தச் செலவைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், வேறு பற்றுச்சீட்டில்.

சுவிஸில் பெரிய விடயங்களை மக்களே வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். 1997 இல் தீங்கு குறைத்தலைக் கைவிட்டுக் கண்டிப்பு வழிக்கே திரும்பச் சொல்லும் யோசனை வந்தது. நூற்றுக்கு 70 பேர் வேண்டாம் என்றார்கள். 1998 இல் எல்லாப் போதைப்பொருளையும் சட்டபூர்வமாக்கச் சொல்லும் யோசனை வந்தது. அதையும் நூற்றுக்கு 74 பேர் அளவில் வேண்டாம் என்றார்கள். அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. 1999 யூன் 13 இல் வைத்தியர் மூலம் ஹெரோயின் கொடுப்பதைப் பற்றி வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 54 பேர் ஆம் என்றார்கள். அந்த ஆண்டு நாட்டின் தலைவராக இருந்தவர் ரூத் டிரைஃபுஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர், சுகாதாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 2008 நவம்பர் 30 இல் நான்கு தூண்களையும் சட்டத்தில் நிரந்தரமாக எழுதுவதற்கு நூற்றுக்கு 68 பேர் வாக்களித்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் 54 ஆனது 68 ஆகியிருக்கிறது. இடையில் மக்கள் தங்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். இன்று அந்தச் சிகிச்சைக்குக் கட்டாய மருத்துவக் காப்புறுதியே பணம் கொடுக்கிறது. சலரோகக்காரருக்கு இன்சுலினுக்குக் கொடுப்பதும் அதே காப்புறுதிதான்.

பலன் என்ன? 1990களின் தொடக்கத்தில் சுவிஸில் போதைப்பொருளால் ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும்போது அது பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. "கொடுத்தால் பிள்ளைகள் பழகிவிடுவார்கள்" என்ற பயம் எனக்கும் இருந்தது. 2006 இல் லான்செட் மருத்துவ இதழில் சூரிச் ஆய்வாளர்கள் நோர்ட், ஸ்டோலர் என்ற இருவர் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை சொல்கிறது. சூரிச் மாநிலத்தில் 1990 இல் புதிதாக ஹெரோயின் தொடங்கியவர்கள் ஏறத்தாழ 850 பேர். 2002 இல் ஏறத்தாழ 150 பேர். ஹெரோயின் இளைஞருக்குக் கிளர்ச்சி தரும் பொருளாக இல்லாமல், வைத்தியசாலையில் வரிசையில் நிற்கும் நோயாளியின் மருந்தாகிவிட்டது. யாருக்கு அதில் ஆசை வரும்?

எல்லாம் முடிந்து சுபம் என்று எழுதமாட்டேன். அன்று மருந்து தொடங்கியவர்கள் பலர் முழுவதாக விடவில்லை. மருந்தோடேயே முதுமைக்கு வந்துவிட்டார்கள். 2023 இல் கிராக் என்ற கொக்கெயின் வகை சூரிச்சில் இன்னொரு பூங்காவில் தலையெடுத்தது. உடனே நகரசபை ஒரு தற்காலிகத் தொடர்பு நிலையத்தைத் திறந்தது. இந்த முறை ஐந்து ஆண்டுகள் காத்திருக்கவில்லை. லெட்டன் இப்போது ஆற்றில் நீந்தும் இடம். மருமகன் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகிறார்.

இனி, ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

நான் படிப்பித்த ஐந்து பாடசாலைகளில் ஒன்று. எது என்று சொல்லமாட்டேன். தெரிந்தவர்கள் கீழே பெயர் எழுத வேண்டாம், தாய் இன்னும் உயிரோடு இருக்கிறா. 2014 இல் பதினோராம் வகுப்புப் பொடியன் ஒருவனின் புத்தகப் பையில் தூள் பிடிபட்டது. ஒழுக்காற்றுக் குழுவில் நானும் ஒருத்தி. கூட்டம் அரை மணித்தியாலம்கூட நடக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள், பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்றோம். விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து அனுப்பத் தீர்மானித்தோம். நானும் கை உயர்த்தினேன். தாய் வாசலில் நின்று கேட்டா: "ரீச்சர், வீட்டிலையும் நிக்கிறானில்லை. பள்ளிக்கூடமும் இல்லையெண்டால் என்ரை பிள்ளை எங்கை போறது?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் கொப்பிகளை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

அவன் 2021 இல் இறந்தான். இருபத்து மூன்று வயது. செத்தவீட்டுக்குப் போனேன். தாய் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவை மூடின கதையை மகள் வாசித்தபோது எனக்கு அந்தத் தாயின் கேள்விதான் காதில் கேட்டது. நாங்கள் செய்தது 1992 ஆம் ஆண்டு வேலை. வாசலை மூடினோம், போவதற்கு ஓர் இடமும் வைக்கவில்லை. அவனை வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் கை உயர்த்தியது என் பிழை.

சுவிஸில் செய்ததை அப்படியே தூக்கி வந்து இங்கே வைக்க முடியாது என்பதும் தெரியும். எங்கள் நாட்டில் ஹெரோயினைப் பெரும்பாலும் ஊசியால் ஏற்றுவதில்லை, புகையாக இழுக்கிறார்கள். ஆகவே ஊசி கொடுக்கும் நிலையம் இங்கே முதல் தேவையல்ல. இப்போது பரவுகிற ஐஸுக்கு மெதடோன் மாதிரி ஒரு மாற்று மருந்தும் இல்லை. அவர்களுடைய காசும் எங்களிடம் இல்லை. எடுக்கக்கூடியது அந்த ஒழுங்குதான்: முதலில் உயிர், பிறகு மற்றது. கலைப்பதற்கு முதல் போக இடம். அந்த இடத்துக்கு வேண்டிய செலவை யாரோ ஒரு நல்ல மனிதரின் தருமமாக விடாமல் எல்லோருடைய பொதுச் செலவாக எடுப்பது.

என் பிள்ளைகளில் இன்று அதிபர்கள் இருக்கிறீர்கள், டொக்டர்மார் இருக்கிறீர்கள், பொலிஸிலும் பிரதேச சபையிலும் இருக்கிறீர்கள். ஒரு பிள்ளை பிடிபட்டால், விடுகைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முதல் அவன் நாளைக் காலை எங்கே இருப்பான் என்று கேளுங்கள். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வெளிநாட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். பழைய மாணவர் சங்கங்களில் மண்டபத்துக்கும் வளைவுக்கும் எவ்வளவு காசு சேர்க்கிறோம்! நாலைந்து பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு பயிற்சி பெற்ற உளவளத்துணையாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஒரு சங்கம் முன்வரக் கூடாதா? அரசு செய்ய வேண்டிய வேலைதான். ஒரு பாடசாலையில் பலன் தெரிந்தால் அரசிடம் கேட்பதும் இலகு. சூரிச்சிலும் முந்நூறு டொக்டர்மாரின் கையெழுத்துக்குப் பிறகுதான் அரசு அசைந்தது.

இதில் உடன்பாடு இல்லாதவர்களும் தாராளமாகக் கீழே எழுதுங்கள், கோபிக்கமாட்டேன். வீட்டில் இந்தப் பிரச்சினை உள்ளவர்கள் வெளியில் எழுதத் தேவையில்லை, எனக்குத் தொலைபேசி எடுங்கள். இரவு ஒன்பது மணி மட்டும் விழித்திருப்பேன். இந்த முறை கொப்பி அடுக்காமல் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்